யாராவது எழுதினால்தான் இருக்கும்

வெப்சைட் செய்வதுதான் எனக்குச் சோறு போடுகிற தொழில். வாரம் முழுக்க ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் உட்கார்ந்து, ஒரு பட்டன் இடது பக்கம் இருக்க வேண்டுமா வலது பக்கம் இருக்க வேண்டுமா என்று பெரிய பெரிய ஆட்களோடு மல்லுக்கட்டுவேன். வெள்ளிக்கிழமை மாலை லண்டன் பாதாள ரயிலில், விக்டோரியா லைனில், நின்றபடியே தூங்குவேன். வால்தம்ஸ்டோ கடைசி நிறுத்தம் என்பதால் மட்டுமே தவறாமல் இறங்கி வீடு சேர்வேன். சனிக்கிழமை மதியம் எனக்குத் தூங்குவதற்கென்றே இருந்த பொழுது. அதைத்தான் தூக்கிக் கொடுத்தேன்.

கேட்டவர் எங்கள் தெருமுனைத் தமிழ்க்கடையின் அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர். சர்ச்சின் பின்பக்க ஹாலில் சனிக்கிழமைதோறும் தங்கள் ஊர் வயதானவர்கள் கூடுகிறார்கள், வெப்சைட் என்றால் என்ன என்று அவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே கேட்டார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு இந்த வயதிலும் வரவில்லை. சரி என்றுவிட்டு, வீடு வரும்வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

தேவையில்லாத வகுப்பு என்றும் சொல்ல முடியாது. டாக்டரைப் பார்க்க வேண்டுமா, வெப்சைட்டில் போ. குப்பைத்தொட்டி உடைந்துவிட்டதா, கவுன்சில் வெப்சைட்டில் போ. பஸ் பாஸ் தொலைந்ததா, அதற்கு வேறொன்றில் போ. போனில் ஒரு குரல் இதைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறது. இவர்களும் ஆமாம் என்பதற்கு ஓம் ஓம் என்றுவிட்டு, மகனோ மருமகளோ ஷிப்ட் முடிந்து வரும்வரை காத்திருப்பார்கள். வருகிறவர்களுக்கு ஷூவைக் கழற்றவே தெம்பு இருக்காது, நாளைக்குப் பார்ப்போம் என்பார்கள். அலுப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்பதால் அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன்.

முதல் வகுப்பன்று ஹாலில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறந்ததும் இந்தியாவோ என்று கேட்டார்கள். ஆமா, திருச்சி என்றேன். அதோடு என் ஊர் விஷயம் முடிந்தது. அன்றிலிருந்து நான் அவர்களுக்கு ரீச்சர், டீச்சரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். என் தமிழ் அவர்களுக்குப் படத்தில் கேட்ட தமிழ். அவர்கள் தமிழோ எனக்கு வாக்கியம் பாதி போன பிறகுதான் பிடிபடும்.

வெப்சைட் என்பது ஒரு கடை மாதிரி என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஒருவர் இருந்தார். பாரிசில் பல வருடம் சமையல் வேலை பார்த்துவிட்டு லண்டனுக்கு வந்து ஓய்வு பெற்றவர். எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்டார். பூட்டவே மாட்டார்கள் என்றேன். இரவில் யார் நிற்பது என்றார். யாரும் நிற்பதில்லை என்றேன். ஆளில்லாத கடையில் போய் டாக்டரை எப்படிக் கேட்பது என்றார். சரி, கடையை விடுங்கள், வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு விலாசம் இருக்கும் என்று மாற்றினேன். அந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று இன்னொருவர் கேட்டார். ஏதோ ஒரு நாட்டில், பெரிய கட்டடத்துக்குள், யாருடையதோ ஒரு கம்ப்யூட்டரில் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே அது நம்புகிற மாதிரி இல்லை. இத்தனை வருடமாகச் செய்துகொண்டிருக்கிற ஒன்றை இன்னதென்று சொல்லத் தெரியவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. நேரமோ நகரவில்லை.

கடைசியில், நீங்களாகவே திறந்து பார்த்த வெப்சைட் ஒன்றாவது உண்டா என்று கேட்டேன். எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா மட்டும் தன் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து, உறையைத் திறந்து, என்னிடம் நீட்டினார். அறுபதைத் தாண்டியவர். கணவர் இல்லை, மகன் வீட்டில் இருந்தார். முதலில் ஜெர்மனியில் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு மாறி வந்தவர். ஐரோப்பாவிலிருந்து இங்கே வந்த பலருக்கும் கதை அதுதான்.

"இது வெப்சைட்டோ ரீச்சர்?" என்று கேட்டார்.

திரையில் வரிசையாக முகங்கள் இருந்தன. கோட்டு போட்ட ஆண்கள், பட்டுச் சேலை கட்டிய பெண்கள், பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தையே கொடுத்திருந்த சிலர். மரண அறிவித்தல்கள். ஒன்றைத் தொட்டேன். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இறைவனடி சேர்ந்தார், அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும் ஆவார் என்று ஒரு குடும்பம் முழுக்க வரிசையில் நின்றது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு. கனடா, சுவிஸ், டென்மார்க், லண்டன். அடியில் தொடர்புகளுக்கு என்று போன் நம்பர்கள். எங்கள் பக்கத்தில் செத்தவருக்கு போஸ்டர் ஒட்டுவோம், அது நாலு தெருவுக்குத்தான். இது உலகத்துக்கே ஒட்டிய போஸ்டராக இருந்தது.

ஆமா அக்கா, இதுதான் வெப்சைட் என்றேன். உடனே ஹாலே கலகலத்துவிட்டது. ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். அத்தனை பேரும் அதே பக்கத்தைத்தான் தினமும் பார்க்கிறார்கள். அதைப் பார்க்காவிட்டால் தங்களுக்கு விடியாது என்றார்கள். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் நான் கடை, வீடு என்று தொண்டை வறள அலைந்திருக்க மாட்டேன்.

அதன்பிறகு பாடம் தானாக ஓடியது. இந்தப் பக்கத்துக்கு மேலே இருக்கிற எழுத்துதான் விலாசம். டாக்டருக்கு வேறு விலாசம், கவுன்சிலுக்கு வேறு. தொட்டால் திறக்கிறதே, அதுதான் இணைப்பு. எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். இது காகிதத்தில் அடிக்கிற பேப்பர் மாதிரி இல்லை, தப்பு என்றால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று சொன்னேன். அதற்குச் சமையல்காரர் எழுந்து நின்று சாட்சியே சொன்னார். அவருடைய மச்சானின் அறிவித்தலில் இவர் பெயருக்கு முன்னால் யாரோ தவறுதலாகக் காலஞ்சென்ற என்று போட்டுவிட்டார்களாம். காலையிலிருந்து மனைவிக்குத் துக்கம் விசாரித்துப் போன். ஒருவர் மலர்வளையம்கூட அனுப்பிவிட்டார். இவர் கூப்பிட்டுச் சத்தம் போட்டு, பின்னேரத் தேநீருக்குள் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்களாம். செத்து எழும்பின முதல் ஆள் தான்தான் என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. நானும் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பில் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இதுதான் முக்கியம், இதை மட்டும் மறக்காதீர்கள் என்று சொன்னேன். வெப்சைட்டுக்குத் தானாக ஒன்றும் தெரியாது. யாராவது ஒரு ஆள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தால்தான் அதில் இருக்கும். யாரும் எழுதாதது அதில் இருக்காது. அன்றைக்கு நான் சொன்னதிலேயே தெளிவாகச் சொன்னது அதுதான்.

வகுப்பு முடிந்து தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். சுவரோரத்து அக்கா துடைக்கிற துணியோடு பக்கத்தில் வந்து நின்றார். நான் கழுவி வைத்த கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"ஒருத்தரும் குடுக்காட்டி?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. என்ன கேட்கிறீர்கள் என்றேன்.

"ஒரு ஆள் செத்து, ஒருத்தரும் குடுக்காட்டி, இதில வராதோ? இதை நடத்திறவைக்குத் தெரியவராதோ?"

"வராது அக்கா" என்றேன். கை கோப்பையில் இருந்தது, கண் கடிகாரத்தில் இருந்தது. இன்னும் வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டும்.

அவர் துணியை மடித்து வைத்தார். பிறகு மெதுவாகத் தன் அண்ணன் கதையைச் சொன்னார். ஜெர்மனிக்கு இவரைக் கூப்பிட்டு எடுத்ததே அந்த அண்ணன்தான். தன் அறையை இவருக்கும் கணவருக்கும் கொடுத்துவிட்டுத் தான் வேலை செய்த ரெஸ்டாரண்டின் ஸ்டோர் ரூமில் படுத்தவர். கலியாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையின் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர். லண்டனுக்குப் போகப்போகிறோம் என்று இவர்கள் சொன்னபோது அவருக்குப் பொறுக்கவில்லை. ஜெர்மன் படிப்புக்கு என்ன குறை என்று சண்டை போட்டார். போ, போனபிறகு என்னைத் தேடாதே என்றார். கோபத்தில் சொன்னதுதான் என்று இவர்களும் நினைத்தார்கள். ஆனால் அவர் வீடு மாறினார், நம்பர் மாறியது, ஊரும் மாறிவிட்டதாக யாரோ சொன்னார்கள். ஊரில் அம்மா இறந்தபோதுகூட அவரை எட்ட முடியவில்லை.

அன்றிலிருந்து அந்த அக்கா ஒவ்வொரு காலையும் விளக்கு ஏற்றி, தேநீர் போட்டுக்கொண்டு, இந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே வரை பார்த்து முடிப்பாராம். அண்ணன் முகம் இல்லை என்றால் அவர் இருக்கிறார். அன்றைய பொழுதுக்கு அது போதும்.

"செத்த தமிழாக்கள் எல்லாரும் இதில வருவினம் எண்டுதான் நான் நினைச்சிருந்தனான்" என்றார். "அவருக்கு ஆர் ரீச்சர் குடுக்கிறது? நாங்கள்தானே இருக்கிறம்."

நான் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. வேண்டுமென்றால் அந்தப் பாடத்தை எங்கேயும் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மனுஷி தினமும் காலையில் குடித்து வந்த ஒரு வாய்த் தண்ணீரை நான் தட்டிவிட்டேன். யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள் அக்கா என்று ஏதோ உளறினேன். அவர் ஓம் என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அடுத்த வகுப்புக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. மற்றவர்களுக்கு டாக்டர் வெப்சைட்டைத் திறக்கக் காட்டினேன். பாஸ்வேர்டை மறந்தார்கள், புதிதாகப் போட்டார்கள், அதையும் மறந்தார்கள். மறக்கக் கூடாது என்று சமையல்காரர் தன் பாஸ்வேர்டை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி வைத்தார். மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. சனிக்கிழமை எழுந்தால் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கக் கூடாதா என்று இருக்கும்.

தை முடியப்போகிற சமயத்தில் அந்த அக்கா எல்லோருக்கும் முன்னதாகவே வந்து, நான் கதவு திறப்பதற்காக வெளியே நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பெரிய கவர். அதற்குள் அவருடைய அம்மாவின் படம் இருந்தது. மாசியில் அம்மாவின் திவசம் வருகிறது, அந்த வெப்சைட்டில் நினைவஞ்சலி போட வேண்டும் என்றார். மகனிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். மகனுக்கு மாமா மேல் கோபம் இன்னும் ஆறவில்லை என்றார். மாமா எங்கிருந்து இதற்குள் வந்தார் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நான் எப்போதுமே கொஞ்சம் மெதுவாகத்தான் விளங்கிக்கொள்கிறவள்.

"உயிரோட இருக்கிறாரெண்டால் அவரும் காலமை எழும்பி இதைத்தான் பாப்பார்" என்றார். "அம்மான்ர படத்தைக் கண்டால் நிப்பாட்டுவார். கீழ என்ர நம்பர் இருக்கும்."

ஆளைத் தேடுகிறோம் என்று நேராகவே ஒன்று எழுதலாமே என்று கேட்டேன். வேண்டாம் என்றார். தேடாதே என்று சொல்லிவிட்டுப் போன ஆள், தேடினால் இன்னும் கோபிப்பாராம். அம்மாவுக்குப் போடுவதற்கு யாரும் கோபிக்க முடியாது. எனக்குத் தெரிந்த எந்தத் தேடுபொறியும் இப்படி யோசிக்காது.

உட்கார்ந்து பதிந்தோம். படத்தை என் போனில் எடுத்து ஏற்றினேன். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர் எல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அம்மாவின் கணவர் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடச் சொன்னார். மருமகன் பெயருக்கு முன்னாலும் போடச் சொன்னார், அது அவருடைய கணவர். குரல் மாறவில்லை. பிறகு பிள்ளைகள் வரிசை வந்தது. மூத்தவர் என்பதால் முதலில் அண்ணன் பெயர். அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் இங்கேயும் அந்தச் சொல்லைப் போடவா என்று கேட்கப்போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"போடாதேங்கோ" என்றார். "ஜெர்மனி எண்டு மட்டும் போடுங்கோ."

பெயர், அடைப்புக்குறிக்குள் ஜெர்மனி. அதைத் தன் டேப்லெட்டில் திறந்து காட்டச் சொல்லி, திரையை விரலால் பெரிதாக்கி, அந்த ஒரு வரியை வெகுநேரம் பார்த்தார். பிழை ஒன்றும் இல்லை என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். டேப்லெட்டைக் கையில் வைத்திருந்தாலும் கண் எப்போதும் மேஜை மேல் வைத்த போனில்தான் இருக்கும். அது அடித்தால் ஹாலே அமைதியாகிவிடும். சமையல்காரர் எப்படியோ விஷயத்தைத் தெரிந்துகொண்டு, தன் போனைச் சத்தம் வராமல் நிறுத்தி வைக்கப் பழகிக்கொண்டார். மருந்துக்கடை கூப்பிட்டது, மகன் கூப்பிட்டான், மின்சாரக் கம்பெனியை மாற்றச் சொல்லி எவனோ ஒருவன் கூப்பிட்டான். நானும் காத்திருக்கத் தொடங்கினேன் என்பதை ஒரு நாள் ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கவனித்தேன். பட்டன் எந்தப் பக்கம் என்று அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த அண்ணன் அழைப்பாரா மாட்டாரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது. வர முடியாது என்று செய்தி அனுப்பலாம் என்று போனை எடுத்தவள், ஏனோ அனுப்பாமல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அக்கா ஹால் வாசலில் நின்றிருந்தார். அன்றைக்குப் போன் கையில் இல்லை, பைக்குள் இருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே போய் உட்கார்ந்ததும் சொன்னார். அழைப்பு வந்தது. ஜெர்மனியிலிருந்துதான். பேசியது ஒரு பெண். அந்தப் பெண்ணின் கணவரும் அக்காவின் அண்ணனும் ஒரே ரெஸ்டாரண்டில் வேலை செய்தவர்கள். அம்மாவின் நினைவஞ்சலியில் ஊரையும் பெயரையும் பார்த்து, இது அந்த அண்ணனாகத்தான் இருக்க வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார். அண்ணன் போன குளிர்காலத்துக்கு முந்தின மாரியில் போய்விட்டார். நெஞ்சுவலி. கூட வேலை செய்தவர்கள் நின்று எல்லாம் ஒழுங்காகச் செய்தார்களாம்.

"அவையும் இதில போடத்தான் நினைச்சவையாம்" என்றார் அக்கா. "இன்னாற்ர மகன், இன்னாற்ர சகோதரன் எண்டு போடவேணுமெல்லோ. ஆற்ர பேரைப் போடுறது எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லையாம். அதால விட்டுட்டினமாம்."

அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். ரெண்டு மாரியும் நான் ஒரு நாள் விடாமல் பார்த்தேன், அவர் இல்லை இல்லை என்று சந்தோஷப்பட்டேன் என்றார். அதற்கு நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில் எனக்கு என் தொழில் மேல், அந்தப் பக்கத்தின் மேல், அந்த முதல் நாள் பாடத்தின் மேல் எல்லாம் வெறுப்பாக இருந்தது.

"மாத்தலாம் எண்டு சொன்னனீங்கள்" என்றார்.

நான் தலையாட்டினேன். டேப்லெட்டை வாங்கி அம்மாவின் பக்கத்தைத் திறந்து, திருத்து என்பதைத் தொட்டு, பிள்ளைகள் வரிசைக்குக் கொண்டுவந்தேன். பெயருக்கு முன்னால் கோடு மினுங்கியது. நான் அடிக்கப் போனேன். அவர் என் கையை மெதுவாக விலக்கினார். தானே போடுவதாகச் சொன்னார்.

தமிழ் எழுத்துகளை அவர் அதற்குமுன் அடித்ததே இல்லை. கா எங்கே என்று கேட்டார், காட்டினேன். ல எங்கே என்று கேட்டார். ஞ்சு என்று ஒரு தடவை வந்துவிட்டது, அழித்துவிட்டுத் திரும்பவும் அடித்தார். வெளியே மற்றவர்கள் வந்து சேர்கிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்த சமையல்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமல், மற்றவர்களையும் மழையிலேயே நிறுத்திவைத்தார்.

சொல் முடிந்தது. அண்ணன் பெயருக்கு முன்னால் அது நின்றது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஜெர்மனி என்பதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அது இருக்கட்டும் என்றார், அங்கேதானே இருக்கிறார் என்றார். பட்டன் எந்தப் பக்கம் என்று தேடினார். வலது பக்கம் என்று காட்டினேன். விரலை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இதையும் பிறகு எடுக்கலாமோ ரீச்சர்?" என்றார்.

எடுக்கலாம் அக்கா என்றேன். வெப்சைட்டில் எடுக்கலாம்தான். அவர் ஓம் என்று சொல்லிவிட்டு அழுத்தினார்.